கட்டை விரலின் அதிகாரம்

உலகத்தில் உள்ள கடிகாரங்களை எல்லாம் இரண்டு இனமாகப் பிரித்துவிடலாம். நாம் கீழ்ப்படிகிற கடிகாரங்கள் ஓர் இனம். நமக்குக் கீழ்ப்படிகிற கடிகாரங்கள் மற்றோர் இனம். சுவரில் தொங்குவதும், மணிக்கூண்டில் வீற்றிருப்பதும், ரயில் நிலையத்தில் நம்மை ஓட ஓட விரட்டுவதும் முதல் இனத்தைச் சேர்ந்தவை. அவை தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன. நாம்தான் அவற்றின் முகத்தைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டாவது இனத்தின் தலைமகன் ஸ்டாப் வாட்ச். 'ஓடு' என்றால் ஓடும். 'நில்' என்றால் நிற்கும். 'மறந்துவிடு' என்றால் நடந்ததை எல்லாம் மறந்துவிட்டுப் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இவ்வளவு சாதுவான கருவியைப் பற்றித் தர்மம், நியாயம் என்றெல்லாம் பேச என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். சாதுவாக இருப்பதனாலேயே பேச வேண்டியிருக்கிறது. எஜமானனின் குணம் சாதுவான வேலைக்காரனிடத்தில்தான் நன்றாக வெளிப்படும்.

நம் முன்னோர்கள் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பிரித்தார்கள். ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். ஒரு விநாழிகைக்கு 24 விநாடி. இதை அளக்க அவர்கள் வைத்திருந்த நாழிகை வட்டில், துளையும் நீரும் சேர்ந்த ஓர் எளிய ஏற்பாடு. அந்தத் துளையிடம் போய் 'கொஞ்சம் நில்' என்று சொல்ல முடியாது. அரசனுக்காகவும் அது நிற்கவில்லை, ஆண்டிக்காகவும் நிற்கவில்லை. பிற்காலத்தில் நுங்கம்பாக்கத்தில் 1792-ல் வானாராய்ச்சி நிலையம் ஏற்பட்டு, அதன் கணக்கைக் கொண்டு 'சென்னை நேரம்' என்று ஒன்று வழங்கி வந்தது. 1906 ஜனவரி 1-ந் தேதி இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்று ஏற்பட்டபோது, சென்னையின் கடிகார முட்கள் ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் முன்னால் தள்ளப்பட்டன. எல்லோருக்கும் ஒரே அளவாகத் தள்ளப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். ஜட்ஜ் வீட்டுக் கடிகாரத்துக்கு ஒரு கணக்கு, ஜட்கா வண்டிக்காரனுக்கு ஒரு கணக்கு என்று இல்லை. ஊர்க் கடிகாரத்தின் பெருமையே அதுதான். அதன் குமிழில் யாருடைய கட்டை விரலும் இல்லை.

ஸ்டாப் வாட்சில் ஒரு கட்டை விரல் இருக்கிறது. விவகாரம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த எண்ணத்தை என் மனத்தில் கிளப்பிவிட்டவர் எங்கள் மயிலாப்பூர்த் தெருவில் குடியிருக்கும் ஓர் இளைஞர். கைப்பேசிகளில் போட்டுக்கொள்ளும் செயலிகளைச் செய்வது அவருடைய தொழில். இத்தனை நிமிஷம் என்று சொல்லி வைத்தால் அது தீர்ந்ததும் மணி அடித்துக் கூப்பிடும் டைமர் ஒன்றை அவரும் நண்பர்களும் செய்து முடித்திருந்தார்கள். அடுத்தபடியாக அதில் ஒரு ஸ்டாப் வாட்சையும் சேர்க்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. சேர்ப்பதற்கு முன்னால், உபயோகிக்கப் போகிறவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொள்வதுதான் முறை என்று கருதி, மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று அலைந்து பல பேரைப் பார்த்து எழுதி வாங்கி வந்திருந்தார். அந்தக் காகிதக் கட்டை என்னிடம் கொடுத்து, "நீங்களும் படித்துப் பார்த்து ஏதாவது சொல்லுங்கள், சார்" என்றார்.

படித்துப் பார்த்தேன். மெரீனாவில் பையன்களுக்கு ஓட்டம் பழக்குகிற ஒருவர், ஒரே சமயத்தில் எட்டுப் பேரின் நேரத்தைத் தனித்தனியாகக் குறிக்க வசதி வேண்டும் என்று எழுதியிருந்தார். தியாகராய நகரில் நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஆசிரியர், ஒவ்வொரு கணக்குக்கும் ஒவ்வொரு பிள்ளையும் எடுத்துக்கொள்ளும் விநாடிகள் அட்டவணையாக வந்து விழ வேண்டும் என்று கேட்டிருந்தார். அடையாறில் ஹோட்டல் சமையற்கட்டை மேற்பார்வை பார்ப்பவர், யார் எத்தனை நேரத்தில் தோசை வார்க்கிறார்கள் என்பது மாசக் கடைசியில் தெரிய வேண்டும் என்றார். ஒரு தகப்பனார், பெண் நீந்திய நேரத்தைப் போன வார நேரத்தோடு ஒப்பிட்டுச் சிவப்பிலும் பச்சையிலும் காட்ட வேண்டும் என்று விரும்பினார். பொத்தான் பெரிதாக வேண்டும், கை ஈரமாக இருந்தாலும் வேலை செய்ய வேண்டும், விநாடியில் நூற்றில் ஒரு பங்கு வரை தெரிய வேண்டும் என்று இன்னும் பல கோரிக்கைகள். ஒவ்வொன்றும் நியாயமானதுதான். எல்லாம் அநுபவத்திலிருந்து வந்தவைதான்.

ஆனால் கட்டு முழுவதையும் படித்து முடித்தபோது ஒரு விஷயம் மனத்தில் உறுத்திற்று. எழுதியவர்கள் அத்தனை பேரும் கடிகாரத்தைக் கையில் பிடித்திருப்பவர்கள். மணலில் ஓடுகிற எட்டுப் பையன்களில் ஒருவன் கூட எழுதவில்லை. தோசை வார்ப்பவர் எழுதவில்லை. நீந்துகிற பெண் எழுதவில்லை. கடைசிக் காகிதம் ஒன்றுதான் விலக்கு. தியாகராய நகர் டியூஷனுக்குப் போகிற ஒரு பையனை இளைஞர் எப்படியோ பிடித்துக் கேட்டிருக்கிறார் போலிருக்கிறது. குண்டு குண்டான எழுத்தில் அவன் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தான்: 'நான் யோசிக்கிறபோது அது ஓடாமல் இருக்குமா?'

மூக்குக் கண்ணாடியை உபயோகிப்பவர் யார் என்றால் ஒருவரைக் காட்டிவிடலாம். செருப்புக்கும் அப்படியே. ஸ்டாப் வாட்சை உபயோகிப்பவர் யார்? பிடித்திருப்பவர் ஒருவர், பிடிபட்டிருப்பவர் மற்றொருவர். அளக்கிறவர், அளக்கப்படுகிறவர் என்று அதற்கு எப்போதும் இரண்டு பேர் உண்டு. கருவியைச் செய்கிறவன் இவர்களில் யாருடைய சொல்லைக் கேட்க வேண்டும்? இதுதான் என் கேள்வி.

சரித்திரத்தைப் புரட்டினால் இரண்டாமவரைக் கேட்கும் வழக்கம் ஆரம்பத்திலிருந்தே இல்லை என்று தெரிகிறது. 1816-ல் லூயி முவானே என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு விநாடியை அறுபது கூறாக்கி அளக்கும் கருவியைச் செய்தார். நட்சத்திரங்களின் போக்கைக் கணிப்பதற்காக அவர் அதைச் செய்தார். நட்சத்திரங்களுக்கு அதில் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. 1821-ல் ரியூஸெக் என்ற மற்றொரு பிரெஞ்சுக் கடிகாரக்காரர் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் தம் கருவியைக் கொண்டுபோய் வைத்தார். ஒவ்வொரு குதிரையும் எல்லையைத் தாண்டும்போது குமிழை அழுத்தினால், சுழலும் வட்டத்தில் ஒரு சொட்டு மை விழும். சொட்டுக்களின் இடைவெளியைப் பார்த்து நேரத்தைத் தெரிந்துகொள்ளலாம். அருமையான யோசனை. குதிரைகளின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிராது.

நட்சத்திரத்தையும் குதிரையையும் அளந்த கருவி அடுத்தபடியாக மனிதனிடம் வந்தது. அமெரிக்காவில் பிரெடரிக் டெய்லர் என்ற பொறியியலாளர், தொழிலாளி செய்யும் வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வோர் அசைவுக்கும் எத்தனை விநாடி பிடிக்கிறது என்று ஸ்டாப் வாட்ச் வைத்துக் கணக்கெடுத்தார். கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொல்வது நியாயமாகாது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடக்கிற ஓயாத கூலிச் சண்டையை விஞ்ஞானம் தீர்த்துவைக்கும், உற்பத்தி பெருகினால் கூலியும் பெருகும் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். ஆனால் 1903-ல் அவர் எழுதிய 'தொழிற்கூட நிர்வாகம்' என்ற நூலில் ஒரு கருவியை வர்ணிக்கிறார். பார்வைக்கு அது ஒரு புத்தகம். உள்ளே குடைந்து ஸ்டாப் வாட்சுகளை ஒளித்து வைத்திருக்கும். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் அட்டையை அழுத்தினால் கடிகாரம் ஓடும். எதிரே வேலை செய்கிறவனுக்குத் தன்னை அளக்கிறார்கள் என்பதே தெரியாது.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். நியாயமான காரியம் என்று நம்புகிற மனிதர், அதற்குரிய கருவியை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவான் என்பதால்தானே? அப்படியானால், கேட்காமல் இருந்ததே அவனுடைய பதில் தெரிந்திருந்ததற்கு அடையாளம். 

1911 ஆகஸ்டில் அந்தப் பதில் பகிரங்கமாகவே வந்தது. பாஸ்டன் நகருக்கு அருகில் வாட்டர்டவுனில் இருந்த அமெரிக்க அரசாங்கத்தின் ஆயுதத் தொழிற்சாலையில், வார்ப்படத் தொழிலாளி ஒருவரை ஸ்டாப் வாட்ச் வைத்து அளக்க முற்பட்டார்கள். அவர் மறுத்தார். அதன் பேரில் நடவடிக்கை எடுத்ததும் மற்ற வார்ப்படக்காரர்களும் வெளியேறிவிட்டார்கள். ஒரு வாரத்தில் அவர்கள் வேலைக்குத் திரும்பினாலும் விஷயம் ஓயவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி போட்டு விசாரித்தது; டெய்லரே வந்து சாட்சி சொன்னார். முடிவில், அரசாங்கப் பணத்தைக் கொண்டு தொழிலாளியின் வேலையை ஸ்டாப் வாட்சால் அளக்கக் கூடாது என்ற நிபந்தனை 1915-ல் செலவு மசோதாவில் ஏறிற்று. முப்பது வருஷத்துக்கு மேல் அது நீடித்தது.

கூலியைக் குறைத்துவிட்டார்களே என்பதற்காக எழுந்த கிளர்ச்சி அல்ல இது. தலைக்கு மேல் ஒருவன் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது மனிதனுக்கு அவமானம் என்பதுதான் அவர்களுடைய கட்சி. 'நாங்கள் குதிரைகள் அல்ல' என்பதை அவர்கள் தங்கள் பாஷையில் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரிலும் இதற்கு ஒரு கிளைக் கதை உண்டு. 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்காக அதை நடத்த முன்வந்தவர்களில் முக்கியமானவர் பி.பி.வாடியா. அடையாறு பிரம்மஞான சபையில் இருந்தவர் அவர். அவரோடு தோளுக்குத் தோள் நின்றவர் திரு.வி.க. தொழிலாளிகள் அவர்களிடம் சொன்ன குறைகளில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற இடைவேளை போதவில்லை என்பது. நூற்றுக்கணக்கான பேர் வெளியே வந்து, கை கழுவி, சோற்றை வாயில் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே போவதற்கு இத்தனை நிமிஷம் போதும் என்று யாரோ எப்போதோ தீர்மானித்திருந்தார்கள். சாப்பிடுகிறவனைக் கேட்கவில்லை.

இன்றைக்கு அடையாற்றின் மேல் உள்ள பாலத்துக்கு அதே திரு.வி.க.வின் பெயரை வைத்திருக்கிறோம். சாயங்கால வேளையில் அந்தப் பாலத்தின் ஓரமாக நின்று பாருங்கள். முதுகில் பெரிய பெட்டியைச் சுமந்துகொண்டு, மோட்டார் சைக்கிளில் இரண்டு பஸ்களுக்கு நடுவே புகுந்து போகிற இளைஞர்களைக் காணலாம். யாரோ ஒருவர் பெஸன்ட் நகரில் உட்கார்ந்துகொண்டு இட்லியோ, தலைவலி மாத்திரையோ கேட்டிருக்கிறார். கேட்ட கணத்திலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கியிருக்கிறது. கேட்டவர் கையில் உள்ள கைப்பேசியில் அது தெரிகிறது. அனுப்பிய ஸ்தாபனத்துக்கும் தெரிகிறது. சிக்னலில் சிவப்பு விளக்கு எரிகிறது என்பதோ, மழையில் சாலை குளமாகிவிட்டது என்பதோ, நான்காவது மாடிக்கு லிப்ட் வேலை செய்யவில்லை என்பதோ அந்தக் கடிகாரத்துக்குத் தெரியாது. அதை நிறுத்தி வைக்கும் பொத்தான் அந்தப் பையனிடம் மட்டும் இல்லை. டெய்லர் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தார். நாம் அதை வெளிச்சத்திலேயே வைத்துவிட்டோம். ஒளிவு மறைவு போனது முன்னேற்றந்தான். ஆனால் கட்டை விரல் இருக்கும் இடம் மாறவில்லை.

இதுவரை படித்த வாசகர் ஒருவர் குறுக்கிட்டு, 'சரி ஐயா, அளக்கப்படுகிறவன் சொல்படிதான் கடிகாரம் நடக்க வேண்டும் என்கிறீரா? பரீட்சை எழுதுகிறவன் கடிகாரம் மெதுவாக ஓட வேண்டும் என்பான். பந்தயத்தில் ஓடுகிறவன் சீக்கிரம் நிற்க வேண்டும் என்பான். அப்புறம் அளவு எதற்கு?' என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

1960 ஆகஸ்டில் ரோம் ஒலிம்பிக் பந்தயத்தில் நூறு மீட்டர் நீச்சல் நடந்தது. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஒன்றாகக் கரையைத் தொட்டார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று பேர் ஸ்டாப் வாட்சோடு நின்றார்கள். டெவிட்டின் மூன்று கடிகாரங்களும் 55.2 விநாடி என்று காட்டின. லார்சனின் கடிகாரங்கள் 55.0, 55.1, 55.1 என்று காட்டின. கணக்குத் தெரிந்த குழந்தை கூட லார்சன் ஜெயித்தார் என்று சொல்லிவிடும். ஆனால் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நடுவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். தலைமை நடுவர் டெவிட்டே முதல் என்று தீர்ப்பளித்தார். லார்சனின் நேரமும் 55.2 என்று திருத்தப்பட்டது. அமெரிக்கா முறையிட்டுப் பார்த்தும் பயனில்லை. 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் நீந்துகிறவர்களே கையால் தொட்டுக் கடிகாரத்தை நிறுத்தும் தொடுபலகைகள் வந்து சேர்ந்தன.

லார்சனை அநியாயத்துக்கு ஆளாக்கியது கடிகாரம் அல்ல. கடிகாரம் சொன்னதை மாற்றி எழுதிய மனிதர்கள். ஆகவே அளவு என்பது அளக்கப்படுகிறவனுக்கு எப்போதும் விரோதி என்று எண்ணுவது தவறு. பல சமயங்களில் அதுதான் அவனுக்குக் கேடயம். எட்டு மணி நேர வேலை என்ற உரிமையைத் தொழிலாளி கடிகாரத்தைக் காட்டித்தானே காப்பாற்றிக்கொள்கிறான்? 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி.உஷா 55.42 விநாடியில் வந்தார். ருமேனியாவின் கொஜோகாரு 55.41. விநாடியில் நூற்றில் ஒரு பங்கில் ஒலிம்பிக் பதக்கம் கை நழுவிற்று. நாடே வருந்தியது, ஆனால் மோசம் போனோம் என்று சொல்லவில்லை. ஓடுகிறவர் இந்தியரா ருமேனியரா என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது என்பதில் நமக்கு நம்பிக்கை இருந்தது.

பழைய கை ஸ்டாப் வாட்ச் காலத்திலேயே பந்தயக்காரர்கள் இந்த நம்பிக்கையைச் சம்பாதிக்கச் சில விதிகளைச் செய்து வைத்தார்கள். மூன்று கடிகாரங்களில் இரண்டு ஒத்துப் போனால் அதுதான் நேரம்; மூன்றும் வேறுபட்டால் நடு நேரம்; இரண்டே கடிகாரம் இருந்தால் அதிக நேரம் காட்டுவது. துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு அழுத்தாதே, புகையையோ மின்னலையோ பார்த்து அழுத்து என்பது மற்றொரு விதி. ஏனென்றால் நூறு மீட்டர் தூரம் வந்து சேரச் சத்தத்துக்குச் சுமார் 0.3 விநாடி பிடிக்கிறது. அப்படியும் கட்டை விரல் சற்றுத் தாமதிக்கும் என்று தெரிந்து, கையால் எடுத்த நூறு மீட்டர் நேரத்தை மின்சாரக் கருவியின் நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 விநாடி கூட்டிக்கொள்வார்கள். அந்த 0.24 என்ற சிறு எண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை உண்டாகிறது. அளக்கிறவன் தன் விரலையும் அளந்து பார்த்துக்கொண்டதற்கு அது அடையாளம்.

ஆகவே இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தெளிந்துவிடும். கடிகாரம் காட்டும் எண் ஒன்று. அந்த எண்ணை வைத்துக்கொண்டு செய்யும் காரியம் மற்றொன்று. எண்ணை மாற்ற யாருக்கும் உரிமை கிடையாது. பிடித்திருப்பவருக்கும் இல்லை, ஓடுகிறவருக்கும் இல்லை, தலைமை நடுவருக்கும் இல்லை. ஆனால் எதை அளப்பது, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, வந்த எண்ணை யார் யார் பார்க்கலாம், அதை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பவை எல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டியவை. இவற்றில் அளக்கப்படுகிறவனைக் கேட்காமல் இருப்பதற்கு, அவசரம் என்பதைத் தவிர வேறு சமாதானம் எனக்குத் தோன்றவில்லை.

தியாகராய நகர்ப் பையனின் ஒற்றை வரியை இப்போது திரும்பிப் பாருங்கள். அவன் பொய்க் கணக்குக் கேட்கவில்லை. ஒரு கணக்கை வாசித்துப் புரிந்துகொண்டு, எங்கே தொடங்கலாம் என்று ஜன்னலைப் பார்த்தபடி யோசிக்கிற நேரமும், பதிலை எழுதுகிற நேரமும் ஒன்றா என்றுதான் கேட்கிறான். அவன் கேட்டது எண்ணைப் பற்றி அல்ல. எதை அளப்பது என்பதைப் பற்றி. இருபது பேருடைய யோசனைகளில் கருவியின் அஸ்திவாரத்தைத் தொட்டது அது ஒன்றுதான்.

எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கைப்பேசி ஸ்டாப் வாட்சுகளில் நூற்றில் ஒரு பங்கு விநாடி மின்னல் வேகத்தில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்த்துவிட்டு அழுத்துகிற மனித விரலுக்குச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு விநாடி தாமதம் இயல்பு. விரலுக்குத் தெரியாததைக் கண்ணாடித் திரை தெரிந்த மாதிரி காட்டுவது நாகரிகமான ஒரு பொய். 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் நானூறு மீட்டர் நீச்சலில் ஸ்வீடனின் லார்ஸன் அமெரிக்காவின் மெக்கீயை விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் ஜெயித்தார் என்று தங்கப் பதக்கத்தைக் கொடுத்தார்கள். பிறகுதான் யோசித்தார்கள். அந்த நேரத்தில் நீந்தக் கூடிய தூரம் மூன்று மில்லிமீட்டர் இருக்கலாம். குளத்தின் சுவரை எல்லாத் தடங்களிலும் அவ்வளவு துல்லியமாகக் கட்டியிருக்கிறார்களா? யார் உத்தரவாதம்? அதன் பிறகு நூற்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டு, அதிலும் சமமானால் இருவருக்கும் பதக்கம் என்று விதி செய்தார்கள். கருவியால் முடிந்தும், வேண்டாம் என்று ஓர் இலக்கத்தை அழித்தார்கள். தெரிந்த அளவுக்கு மேல் பேசாமலிருப்பது மனிதனுக்கு மட்டுமா அழகு? கருவிக்கும் அழகுதான்.

இனி, பிடித்திருப்பவரும் பிடிபட்டிருப்பவரும் ஒரே ஆளாக இருந்தால்? விடியற்காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போனால் அப்படிப்பட்டவர்களை நிறையப் பார்க்கலாம். கைப்பேசியைக் கையில் பிடித்தபடி, சுற்றுக்கு இத்தனை நிமிஷம் என்று தம்மைத் தாமே அளந்துகொண்டு நடக்கிறார்கள். இங்கே கொடுமை எதுவும் இல்லை என்றுதான் முதலில் தோன்றும். டாக்டர் சொன்னபடி நடந்து, நேற்றைவிட இன்று கால் சற்றுத் தெம்பாயிருக்கிறது என்று கண்டுகொள்வதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் எதிரே வருகிற பழைய சிநேகிதர் 'சௌக்கியமா?' என்று கேட்க, நிற்காமல் கையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடுகிற மனிதரைப் பார்க்கிறபோது, டெய்லரின் மேஸ்திரி அவருடைய மண்டைக்குள்ளேயே குடிவந்துவிட்டாரோ என்று சந்தேகம் வருகிறது. நிறுத்துகிற பொத்தான் தம் கட்டை விரலுக்கு அடியிலேயே இருக்கிறது என்பது அவருக்கு நினைவில்லை. தன்னைத் தானே அளந்துகொள்கிறவனும் இரண்டு பேர்தான். அந்த இருவரில் நடக்கிறவனை மற்றவன் அவ்வப்போது ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

அளக்கப்படுகிறவனின் சொல்லைக் கேட்டால் கருவி கெட்டுப் போகாது, மேன்மைதான் அடையும் என்பதற்கு நல்ல உதாரணம் சதுரங்கக் கடிகாரம். 1883-ல் லண்டன் பந்தயத்தில் வந்த அந்தக் கருவியில், தராசுத் தட்டுக்களைப் போல இரண்டு கடிகாரங்கள் ஒரு சட்டத்தின் இரு முனையிலும் இருந்தன. ஒன்று சாய்ந்து நின்றால் மற்றொன்று ஓடும். அதைச் சாய்க்கிற கை நடுவருடையது அல்ல, ஆடுகிறவனுடையது. அளக்கப்படுகிற இரண்டு பேர் கையிலேயே கட்டை விரலின் அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டார்கள். ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. ஜெயிக்கிற நிலையில் இருப்பவன், காயை நகர்த்தக் கூட விநாடி இல்லாமல் தோற்றுப் போவான். அந்தக் கடிகாரத்துக்கு முன்னால் சிறு வயது முதல் உட்கார்ந்து வியர்த்த பாபி பிஷர், 1988-ல் ஒரு புதிய கடிகாரத்துக்கு உரிமை கேட்டு மனுப் போட்டார். ஒவ்வொரு முறை காயை நகர்த்தியதும், கடிகாரம் சில விநாடிகளை ஆடுகிறவனுக்குத் திருப்பிக் கொடுக்கும். 1992-ல் ஸ்பாஸ்கியோடு ஆடிய ஆட்டத்தில் அதை அவரே உபயோகித்துக் காட்டினார். இன்று பெரிய பந்தயங்களில் அது சர்வ சாதாரணம். 2013 நவம்பரில் நம் சென்னையிலேயே ஆனந்தும் கார்ல்ஸனும் உலகப் பட்டத்துக்காக ஆடியபோது, ஆட்டம் நீண்டால் பிஷரின் விநாடிகள் அவர்களுக்கும் காத்திருந்தன.

அந்த யோசனை ஒரு கடிகாரத் தொழிற்சாலையிலிருந்து வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பந்தயம் நடத்துகிறவர்களிடமிருந்தும் வரவில்லை. முள்ளின் கீழே உட்கார்ந்திருந்தவனிடமிருந்து வந்தது. எடுத்துக்கொள்ள மட்டுமே தெரிந்திருந்த கருவிக்குக் கொடுக்கவும் கற்றுக் கொடுத்தவன் அவன். அதனால் அளவு பொய்யாகிவிடவில்லை. தோற்கிறவர்கள் இன்னும் தோற்கத்தான் செய்கிறார்கள். நேரம் தீர்ந்து தோற்கிறவர்களும் உண்டு. ஆனால் ஒரு காரியத்தைச் செய்து முடித்தவனுக்கு அடுத்ததை யோசிக்க ஒரு மூச்சு விடும் அவகாசம் உண்டு என்பதைக் கருவியே ஒப்புக்கொண்டுவிட்டது.

ஸ்டாப் வாட்ச் இனி யாராலும் தவிர்க்கக் கூடியது அல்ல. ஆஸ்பத்திரியில் நாடி பார்க்கிற நர்ஸுக்கு அது வேண்டும். பிரசவ வலியின் இடைவெளியைக் குறித்துக்கொள்கிற கணவனுக்கு வேண்டும். ஓடுகிற பையனுக்கும் வேண்டும். ஆனால் நம்மில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வேளையில் அதைப் பிடித்திருக்கிறோம். வேறு ஏதோ ஒரு வேளையில் அதற்குப் பிடிபட்டிருக்கிறோம். காலையில் ஆபீசில் விநாடிக் கணக்குக்குப் பதில் சொல்லிச் சலித்தவரே, மாலையில் வீட்டுக்கு வந்து, இட்லிக்காரப் பையன் மூன்று நிமிஷம் தாமதம் என்று கைப்பேசியைப் பார்த்து முகம் சுளிக்கிறார். காலையில் தாம் சொல்ல நினைத்து, யாரும் கேட்காததால் சொல்லாமல் விழுங்கிய வார்த்தையை அவர் அப்போது நினைத்துக்கொண்டால் போதும். வாசல் மணி அடித்ததும் கதவைத் திறந்து, நனைந்து நிற்கிற பையனிடம், "பாலத்தில் கூட்டமா அப்பா?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். அதற்கு ஒரு விநாடிக்கு மேல் ஆகாது.